பொருள்: குங்ஃபூ வெஸ்டர்னுக்குத் தமிழ்ச்சொல்

அன்புடையீர்,
திரைப்பட வகைகள் பற்றிய பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே சொல்லில் நிற்கிறேன். சிறுசெலவுச் சண்டைப் படம். வெஸ்டர்ன், அதாவது அமெரிக்க மேற்கின் கௌபாய் படம்போலக் குதிரையும் துப்பாக்கியும் உண்டு, ஆனால் கணக்குத் தீர்ப்பது கையும் காலும். 1974-இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் இத்தாலியரோடு சேர்ந்து லீ வான் கிளீஃப், லோ லியே இருவரையும் நடிக்கவைத்து எடுத்தது இந்த இனம். ‘மேற்கத்தியத் தற்காப்புக் கலைப் படம்’ என்றால் மாணவர்கள் குத்துச்சண்டையை நினைக்கிறார்கள்.
– செ.

> மேற்கத்திய
வேண்டவே வேண்டாம். அந்தப் படங்களின் உயிர் திசையில் இல்லை, மாட்டில் இருக்கிறது. பழந்தமிழ்ப் போர்த்திணைகளில் ஆநிரை, அதாவது மாட்டுமந்தை, கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. தொல்காப்பியர் கரந்தையை வெட்சிக்குள் அடக்கினார், புறப்பொருள் வெண்பாமாலை எழுதியவர் தனித்திணையாக்கினார். ‘தற்காப்பு’ம் பொருந்தாது. நாயகன் வருவது பழிதீர்க்க. மற்போரைக் குறிக்கும் ‘மல்’ இருக்கிறதே! வெட்சி மற்படம்.
– கு.

ஐயா, மாடே தலைகாட்டாத வெஸ்டர்ன்கள் ஏராளம். வறண்ட நிலம், வழிப்பறி, ஆறலைகள்வர் என்றால் அது பாலை அல்லவா? மேலும், மல் என்பது கட்டிப்புரளுதல். குங்ஃபூவில் உதைதான் பாதி.
– தே.

> உதைதான் பாதி
புறநானூறு 80 பாருங்கள். ஆமூர் மல்லனை வீழ்த்தியவனின் ஒரு கால் மார்பில் ஊன்றியிருக்கிறது, மறுகால் மல்லனின் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்னே நிற்கிறது. புலவர் சாத்தந்தையார் பாட்டே காலைப் பற்றித்தான்.
– கு.

ஒன்று விட்டுப்போயிற்று. சிறுசெலவுப் படத்தை ‘இரண்டாந்தரப் படம்’ என்று எழுதிவிடாதீர்கள். ஹாலிவுட்டில் ஒரே சீட்டுக்கு இரண்டு படம் காட்டிய காலத்தில், வசூலில் பங்கு கேட்காமல் நிலையான வாடகைக்குப் போன துணைப்படம்தான் பி-படம். அது குறித்தது இடத்தை, தரத்தை அல்ல. ‘சிறுமுதற்படம்’ போதும்.
– ந.

தேர்வெழுதும் பிள்ளைக்கு வெட்சி என்றால் பூ. ‘கௌபாய் படம்’ எல்லார் வாயிலும் இருக்கிறது. கௌபாய் சண்டைப் படம் என்று போடுங்கள், புரியும்.
– மா.

நானும் அதற்கே.
– தே.

நன்றி. ‘சிறுமுதல் கௌபாய் சண்டைப் படம்’ என்றே அனுப்புகிறேன்.
– செ.

சண்டை எந்தப் படத்தில் இல்லை? குங்ஃபூ என்ற சீனச்சொல் உழைத்துப் பெற்ற தேர்ச்சியைக் குறிப்பது, அதை அடிதடியாக்கிவிட்டீர்கள். சொல்லடைவிலாவது ‘மற்படம்’ என்று ஒரு வரி சேருங்கள், செ. வெட்சியை நான் வற்புறுத்தவில்லை.
– கு.