பேடில் போர்டில் காத்து நிக்கல, ஓட்டை எங்கேன்னு தெரியல

குரோஷியாவில், ஹ்வார் தீவுக்கு எதிரே பக்லெனி தீவுகள் பக்கம் வாடகைப் படகில் இருக்கோம். சனிக்கிழமை காலை ஸ்ப்ளிட்டில் படகை ஒப்படைக்கணும். படகோட தந்த தண்ணி விளையாட்டுச் சாமான்களில் சேதம் இருந்தா டெபாசிட்டில் கழிப்பாங்க.

காத்தடிக்கிற பேடில் போர்டு (நின்னுக்கிட்டே துடுப்பு போடற பலகை): 10 அடி 6 அங்குலம், 15 செ.மீ. தடிமன், ட்ராப்-ஸ்டிட்ச் (மேல், கீழ்ப் பக்கங்களை உள்ளே நூல்கள் இழுத்துப் பிடிக்கிற வகை), ஸ்பிரிங் வால்வு. செவ்வாயிலிருந்து இந்தத் தொல்லை. சாயங்காலம் 15 பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) அடிச்சா காலையில் 8தான் இருக்கு. வெயிலில் சுட்ட போர்டு 25 டிகிரி தண்ணியில் இறங்கினா ஒண்ணு, ஒண்ணரை குறையும், அது சகஜம். இது அப்படி இல்ல. ராத்திரி டெக்கில் நிழலிலேயே கிடந்தாலும் இறங்குது.

வால்வைக் கழற்றி மணல் துடைச்சு, ரப்பர் வளையம் மாத்தி, ஸ்பேனரால் இறுக்கியாச்சு. 10 பி.எஸ்.ஐ.யில் சோப்புத் தண்ணி தடவினா வால்வில் குமிழி இல்ல. வால் பக்கம், அடியில் ஃபின் (மீன் செதில் மாதிரி தகடு) மாட்டற பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி, போர்டின் ஓரத்தைச் சுத்தி ஒட்டியிருக்கிற பட்டை முடியற இடத்தில் மட்டும் கடுகு சைசில் வரிசையா வருது. ஆனா காத்து பட்டைக்கு அடியிலேயே ஓடி அங்கே வெளியே வருதுன்னு சந்தேகம். அந்த வாயை மட்டும் ஒட்டினா வேற இடத்தில் உப்பிக்கும். கையில் பி.வி.சி. ஒட்டுத்துண்டும் பசையும் இருக்கு. காய ஒரு நாள் விடணும், அதனால ஒரு தடவைதான் ஒட்ட முடியும்.

பட்டையை முழுசா உரிக்காம உண்மையான ஓட்டையைக் கண்டுபிடிக்க என்ன வழி?