இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய கதை

தம்பி: ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலை அனுப்பி அடைக்க இலங்கை 2021இல் ஒப்பந்தம் செய்ததாம். இப்படிப் பண்டமாற்று முன்னாலும் நடந்திருக்கிறதா பெரியப்பா?

பெரியப்பா: இதைவிடப் பெரிதாகவே நடந்தது. 1952 டிசம்பரில் சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம். வருடத்துக்கு 270,000 தொன் அரிசி வரும், 50,000 தொன் இறப்பர் போகும்.

தங்கச்சி: அது கொரியப் போர்க் காலம். சீனாவுக்கு இறப்பர் விற்க ஐநா தடை இருந்ததே?

பெரியப்பா: 1951இல் போட்ட தடை. நாம் ஐநாவில் சேர்ந்ததே 1955இல்தான். அரிசி விலை ஏறிவிட்டது, இறப்பர் விலை விழுந்துவிட்டது. கம்யூனிசமே ஆகாத பிரதமர் டட்லி சேனாநாயக்கவின் அரசே, வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்கவைப் பீக்கிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்) அனுப்பியது. சந்தை விலையைவிடக் கூடக் கொடுத்துச் சீனா வாங்கியது. அமெரிக்கா உதவி தர மறுத்தும் நாம் பின்வாங்கவில்லை.

தம்பி: தூதரகம் இருந்ததா?

பெரியப்பா: இல்லை. 1957இல்தான் ராஜதந்திர உறவே வந்தது.

அத்தை: அண்ணா, அந்த இறப்பர்ப் பாலை வெட்டியது யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சிங்களக் கிராமங்களின் சிறு தோட்டக்காரர்களும் இருந்தார்கள், சரி. களுத்துறை, கேகாலைப் பெருந்தோட்டங்களில் நம் மலையகத் தமிழர் எத்தனை பேர்! 1948இல் குடியுரிமை போனது, அடுத்த வருடம் ஓட்டும் போனது. 1952 மே தேர்தலில் ஓட்டுப் போட முடியாதவர்களின் உழைப்பை வைத்துத்தான் டிசம்பரில் அரிசி பேசினார்கள்.

தங்கச்சி: இது எங்கள் பாடத்தில் இல்லை அத்தை 😢

அத்தை: அமைச்சர்கள் பெயர் மட்டும் இருக்கும். விடியுமுன் போக வேண்டும், குளிரில்தான் பால் நன்றாக ஓடும். பட்டையைச் சாய்வாக, மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் கெட்டுவிடும், கங்காணி ஏசுவார். அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் சேர்க்க வேண்டும். மழை பெய்தால் வெட்டில்லை, கூலியும் இல்லை.

பெரியப்பா: உண்மைதான் தங்கச்சி. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து 1982 வரை ஓட்டினார்கள். அதற்குள் இந்தியாவோடு செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் பால் வெட்டியவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தம்பி: அப்படியென்றால் அப்பாயி வெட்டிய பாலும் சீனாவுக்குப் போயிருக்குமா?

அத்தை: போயிருக்கும். எழுபதுகளில் அம்மா வெட்டுக்குப் போனவர்தானே.

தங்கச்சி: ஞாயிற்றுக்கிழமை அப்பாயியிடம் கேட்டுப் பதிவு செய்கிறேன். அத்தை, நீங்களும் பக்கத்தில் இருங்கள், அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

அத்தை: காலையில் வா. மத்தியானம் தூங்கிவிடுவார்.