பொருள்: பிராமிஸ்குவஸ் மோடுக்குத் தமிழ்? (இன்று இரவுக்குள்)

வணக்கம்.
பிணையக் கண்காணிப்பு நிரலின் தமிழாக்கத்தில் ஒரே ஒரு சரம் (திரையில் வரும் வாசகம்) பாக்கி: 'ஈத்0 பிராமிஸ்குவஸ் மோடுக்குள் நுழைந்தது'. ஈத்0 என்பது பிணைய அட்டையின் பெயர். வழக்கமாகப் பிணைய அட்டை, தன் 48 பிட் மேக் முகவரிக்கு (அட்டையின் வன்பொருள் முகவரி) வரும் சட்டகங்களையும் (தரவுத் துண்டுகள்) எல்லாருக்குமான அறிவிப்புகளையும் உள்ளே விடும். அடுத்தவருக்கு உரியதை வாசலிலேயே தள்ளிவிடும். இந்த மோடில் வடிகட்டாமல் அத்தனையையும் இயங்குதளத்தின் கருவான கர்னலிடம் கொடுத்துவிடும். அகராதியைப் பார்த்தால் 'ஒழுக்கக்கேடான' என்கிறது. திரையில் அதைப் போடவா முடியும்? பத்து மணிக்குத் தமிழாக்கத்தைப் பூட்டிவிடுவார்கள்.
— செ.

'கண்காணிப்பு நிலை' போதுமே?
— ம.

> 'கண்காணிப்பு நிலை' போதுமே?
அது வைஃபையின் மானிட்டர் மோடுக்குப் போய்விட்டது. எந்தப் பிணையத்திலும் சேராமல் காற்றில் வருவதைக் கேட்பது அது. மூன்று வரி மேலேயே இருக்கிறது.
— செ.

லத்தீன் வேருக்குக் கலத்தல் என்றே பொருள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவில் நிற்கும் பெயரை லத்தீன் இலக்கணக்காரர்களும் இதே சொல்லால்தான் குறித்தார்கள். நம்மிடமும் கலப்பு என்ற பொருளில் விரவுப்பெயர் இல்லையா? ஆளானால் சாத்தன் வந்தான், மாடானால் சாத்தன் வந்தது. திணை பாராதது விரவுப்பெயர் என்றால், முகவரி பாராதது விரவுநிலை. நன்னூலார் இதைப் பொதுப்பெயர் ஆக்கினார், அழகு போயிற்று. மீதியைத் தனி மடலில் எழுதுகிறேன்.
— க.

ஐயா, வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் 'விரைவுநிலை' என்று எழுதிக்கொள்வார்கள். அப்புறம் அட்டை வேகமாக ஓடுகிறது என்பார்கள். ஒற்றுநிலை? குறளில் ஒற்றாடலுக்கு அதிகாரமே இருக்கிறது.
— தே.

ஒற்று என்றால் வேவு. மெய்நிகர் கணினிக்காக அட்டையைப் பாலத்தில் (பிணையங்களை இணைக்கும் மென்பொருளில்) இணைத்தாலும் இதே வரிதான் பதிவில் விழும். அங்கே யாரை வேவு பார்க்கிறோம்? உரியவருக்கு மட்டும் அனுப்பும் சுவிட்ச் உள்ள இடத்தில் அடுத்தவர் பொட்டலம் (பேக்கெட்) பெரும்பாலும் நம் பக்கம் வருவதே இல்லை, மற்ற போர்ட்டில் போவதை நமக்கும் பிரதியெடுக்கச் சொன்னால்தான் உண்டு. அனைத்தேற்பு நிலை என்று வைப்போம்.
— ம.

பொட்டலமா? பொதி!
— க.

அட்டை வேலை செய்யும் இரண்டாம் பிணைய அடுக்கில் இரண்டும் கிடையாது ஐயா, சட்டகம்தான்.
— செ.

சரி. ஆனால் 'ஏற்பு' தவறு. தனக்கு அல்லாததை மேலடுக்கு பதில் சொல்லாமல் போட்டுவிடுகிறது. அது ஏற்பா?
— க.

மணி 9:40. ம.வும் நானும் அனைத்தேற்பு. தே. 'எதுவானாலும் சரி' என்கிறார். 'ஈத்0 அனைத்தேற்பு நிலைக்குள் நுழைந்தது' என்று ஏற்றிவிட்டேன்.
— செ.

> ஏற்றிவிட்டேன்
குறிப்பில் 'விரவுநிலை என்றும் பாடம்' என்றாவது சேருங்கள்.
— க.