மரியா தெரேசா தாலர், 1780: உண்மையில் எந்த வருஷத்துக் காசு?

கேள்வி:
ஆஸ்திரிய வெள்ளிக்காசு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஒரு பக்கம் முக்காடிட்ட மரியா தெரேசா, மறுபக்கம் இரட்டைத்தலைக் கழுகு, வருஷம் 1780. எடை 28.06 கிராம். தேய்மானமே இல்லை, புதுக்காசு போல மின்னுகிறது. இவ்வளவு பழைய காசு இப்படி இருக்குமா? போலியோ என்று சந்தேகம்.

பதில்:
அவசரப்பட்டுப் போலி என்று முடிவுகட்டாதீர்கள். எடை சரிதான். தாலர் என்ற இந்த வெள்ளிக்காசின் எடை 28.0668 கிராம், அதில் ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி. ஆனால் 1780-இல் அடித்த காசாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா இறந்தது அந்த வருஷம் நவம்பர் 29-ஆம் தேதி. அப்புறமும் அதே முகத்தையும் அதே வருஷத்தையும் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். காரணம், செங்கடல் பக்கத்து வியாபாரம். அங்கேயும் எத்தியோப்பியாவிலும் இந்தக் காசுக்குத்தான் மதிப்பு. வாங்குகிறவர்கள் தோளில் இருக்கும் ப்ரூச்சின் (உடையில் குத்தும் நகை) முத்துகளைக்கூடக் கவனித்துப் பார்ப்பார்களாம். அச்சு மாறினால் காசு ஓடாது. அதனால் வருஷத்தை யாரும் தொடவில்லை. 1868-இல் அபிசீனியாவுக்கு (எத்தியோப்பியாவின் பழைய பெயர்) போன தளபதி நேப்பியரின் பிரிட்டிஷ் படைகூடச் செலவுக்கு இதையே கொண்டுபோனது. ஆஸ்திரியாவுக்குள் 1858-லேயே செல்லாக்காசு, வெளியே ராஜநடை! எனக்கு மிகவும் பிடித்த காசு இது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தோளுக்குக் கீழே ‘எஸ்.எஃப்.’ என்று இருக்கிறதே, அதை வைத்து அசல் என்று சொல்லலாமா?

பதில்:
முடியாது. அவை குன்ஸ்பர்க் நாணயச்சாலை அதிகாரிகள் ஷோபெல், ஃபாபி இருவரின் முதலெழுத்துகள். அச்சோடு சேர்த்து அவற்றையும் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வியன்னா, ரோம், பாரிஸ், லண்டன், பம்பாய் என்று பல ஊர்களில் அடித்த காசிலும் அதே எழுத்துகள்தான்.

மற்றொருவர்:
விளிம்பையும் பாருங்கள். ‘யுஸ்திதியா எத் கிளெமென்தியா’ என்ற லத்தீன் வாசகம் சுற்றிலும் தெளிவாக இருக்க வேண்டும். வார்ப்பில் செய்த போலி பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

பதில்:
ரொம்பச் சரி. விளிம்பு தேறிவிட்டால், எந்த ஊர் அச்சு என்பதை ப்ரூச்சின் வடிவத்தையும் கழுகின் வால் இறகுகளையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அந்த இரண்டு இடங்களையும் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். அதுவரை பாலிஷ் எதுவும் போடாதீர்கள்.