தளத்துக்கும் கூரைக்கும் லைட்வெயிட் பேனல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாடிப்படி:
முதல் தளத்துக்கு 150 மில்லிமீட்டர் கனத்தில் ஏஏசி பேனல் (உள்ளே கம்பி வைத்த, காற்றுக்குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் பலகை) போட்டோம். கிரேன் வந்தது, அடுக்கினார்கள், ஒரே நாளில் தளம் வந்துவிட்டது. அதில் ஒரு குறையும் இல்லை. என்னை அரித்துக்கொண்டே இருப்பது மூன்று வாரம் கழித்து நடந்தது. கழிவறைக் குழாய் இறக்க பிளம்பர் மேலே துளை போட்டுக்கொண்டிருந்தார், நான் கீழே நின்றிருந்தேன். மெத்தென்று அறுபட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று கிரீச்சிட்டது. மேலே ஓடினேன். நாலு அங்குலத் துளை, சுவரிலிருந்து ஒரு சாண்தான் தள்ளி. விளிம்பில், வெள்ளைத் தூளுக்கு நடுவே, புதுக்காசு போல மின்னும் இரண்டு கம்பி முனைகள். "கம்பி ஒண்ணு குறுக்க வந்துச்சு சார், எடுத்துட்டேன்" என்றார்.

என்ஜினியர் அந்தப் பேனலுக்கு அடியில் இரும்பு பீம் கொடுக்க வைத்தார். இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அந்த மூலையை நான் மிதிப்பதில்லை.

தூக்குக்குண்டு:
எனக்கு நடந்தது வேறு. பேனல் எல்லாம் ஏற்றியாயிற்று, மேலே இரண்டு பேர் இடுக்குகளுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே போய் சும்மா அண்ணாந்து பார்த்தேன். ஏழாவது பேனலில் சிவப்பு பெயின்ட்டில் 'டாப்' என்று எழுதியிருந்தது. கீழே நின்று அதைப் படிக்கிறேன்! மேல்பக்கம் இருக்க வேண்டிய எழுத்து என் தலைக்கு நேரே. கனமான கம்பி அடியில் இருக்க வேண்டிய பொருள், அதைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். "அந்தப் பக்கம் போகாதீங்க, இறங்குங்க" என்று கத்தினேன். மறுநாள் கிரேனைத் திரும்ப வரவழைத்துத் தூக்கினோம். தூக்கும்போதே நடுவில் மயிரிழை வெடிப்பு தெரிந்தது. இடுக்குகளில் கிரவுட் (சிமெண்ட் கலவை) ஊற்றி மேல்பூச்சும் போட்டிருந்தால் அந்த எழுத்து உள்கூரைப் பூச்சுக்குள் மறைந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

ரசமட்டம்:
மாடிப்படி, பிளம்பர் மேல் பழி போடுவது சரியில்லை. அவர் கையில் வரைபடம் கொடுத்தீர்களா? துளை எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதற்கேற்றபடி ஃபேக்டரியிலேயே கம்பியைத் தள்ளி வைத்துச் செய்து தருவார்கள். நாமே ஊற்றிய ஆர்சிசி தளத்தை உடைத்துப் பழகின கை அது. அவருக்கு இதுவும் இன்னொரு தளம்தான்.

என் அனுபவம்: எங்களுடையது ஹாலோகோர், அதாவது உள்ளே நீளவாக்கில் குழாய் போல வெற்றிடம் விட்ட கான்கிரீட் பேனல். நல்ல வெயில் காலம், ஒரு மாதமாக மழையே இல்லை, ஹாலில் உள்கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மாடியில் குழாயும் கிடையாது. கட்டும்போது பெய்த மழை பேனலின் உள்குழாய்க்குள் போய் மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. அடியில் சின்னத் துளை போட்டதும் ஒரு வாளி நிறைய, பழுப்பாக வந்தது.

மட்டப்பலகை:
எனக்குப் பெரிய கதை இல்லை. பேனல் இணைப்புகளின் நேரே உள்கூரைப் பூச்சில் கோடு கோடாக வெடித்தது, இரண்டு முறை பட்டி பார்த்தும் அதே இடத்தில் திரும்ப வந்தது, கடைசியில் இணைப்பை வி வடிவக் காடியாகவே விட்டுவிட்டோம்.

ஆனால் இங்கே யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எடை குறைவு என்றதும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சாதாரண கான்கிரீட் கனமீட்டருக்கு 2400 கிலோ, ஏஏசி 500 முதல் 700 வரைதான். அந்த வித்தியாசம் முழுவதும் காற்று. அலுமினியப் பொடி சுண்ணாம்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழி விட்டு மாவு போல உப்பவைக்கிறது, அப்புறம் ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான கலத்தில் நீராவியில் வேகவைக்கிறார்கள். சாதாரண கான்கிரீட் கம்பியைத் துருவிலிருந்து காப்பது போல இது காக்காது. அதனால்தான் ஃபேக்டரியில் கம்பிக்குத் தனியாகப் பூச்சு கொடுக்கிறார்கள். சைட்டில் பேனலை அறுத்தால் அந்தப் பூச்சு போயிற்று, முனையில் கம்பியைப் பிடித்து வைத்திருக்கும் குறுக்குக் கம்பியும் போயிற்று. இன்னொன்று, உள்ளே துருப்பிடித்தாலும் அந்தத் துரு காற்றறைகளுக்குள் அடங்கிக்கொள்ளும். ஆர்சிசியில் வருவது போல வெளியே வெடித்துக் காட்டாது.

பிரிட்டனில் 2018-ல் ஒரு பள்ளிக் கூரை இப்படித்தான் திடீரென்று விழுந்தது. வார இறுதி, குழந்தைகள் இல்லை. 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாள் இருக்கும்போது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இந்தப் பேனல் இருந்த பகுதிகளை மூடச் சொன்னார்கள். பேனலின் முனை சுவர்மேல் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதை அங்கே முதலில் பார்க்கிறார்கள். 75 மில்லிக்குக் குறைந்தால் கவலைக்குரியது. வீடு கட்டுகிறவர்கள் டேப்போடு மேலே ஏறி ஒவ்வொரு முனையையும் நீங்களே அளந்து பாருங்கள். தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஃபேன் கொக்கியை எங்கே வேண்டுமானாலும் துளைத்து மாட்டாதீர்கள்.

மாடிப்படி:
ரசமட்டம், வரைபடம் கொடுக்காதது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பி கண்ணில் பட்ட பிறகும் நிறுத்தாமல் அறுத்ததை எப்படிச் சரி என்று சொல்வது?

ஜன்னலோரம்:
மட்டப்பலகை எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. நான் வேலை பார்க்கும் கட்டடம் பழையது, மேல் கூரை முழுக்க இந்தப் பேனல். மழை பெய்தால் மொட்டை மாடியின் நடுவில் மட்டும் குளம் போல நிற்கும், ஓட்டம் சரியில்லை என்று நினைத்திருந்தோம். நேற்று ஸ்டூல் போட்டு ஏறி, உள்கூரையில் ஈரக்கறை இருந்த இடத்தை ஸ்குரூடிரைவரால் லேசாகத் தொட்டேன். ஈர ரஸ்க்கில் குத்தியது போல உள்ளே போனது. எடுத்தபோது நுனியில் பழுப்பு நிறச் சேறு.

மட்டப்பலகை:
அந்த அறையில் யாரையும் உட்கார விடாதீர்கள், இன்றே சொல்லுங்கள். பேனல் சுவர்மேல் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார்களா?

ஜன்னலோரம்:
இன்று காலை என்ஜினியர் வந்தார். முனைப் பக்கம் சின்னச் சின்னத் துளையாகப் போட்டுப் பேனல் எங்கே முடிகிறது என்று தேடினார். ஒரு பக்கம் 80 மில்லி. மறுபக்கம் 45. அளந்துவிட்டு அவர் எதுவும் பேசவில்லை, திரும்ப ஒருமுறை அளந்தார். இப்போது அடியில் இரும்பு முட்டு நிற்கிறது, கதவைப் பூட்டிவிட்டார்கள். ஆறு வருடமாக என் மேசை அந்த 45 மில்லிக்கு நேர் கீழே இருந்தது.