பேச நிறைய பேர் இருக்கிறார்கள், நெருக்கமாக யாரும் இல்லை. என்ன செய்வது?

கேள்வி:
வேலை மாறி புது ஊருக்கு வந்ததிலிருந்து இப்படித்தான் போகிறது. வாட்ஸ்அப் குழுக்களுக்குக் குறைவில்லை, காலையில் எழுந்தால் வணக்கச் செய்திகள் குவிந்து கிடக்கும், ஆனால் உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தால் ஒரு பெயரும் வரவில்லை. டேட்டிங் செயலியிலும் இருக்கிறேன். நாலு நாள் நன்றாகப் பேசுவார்கள், அப்புறம் பதிலே வராது. "முதலில் உன்னை நீ கவனித்துக்கொள், மற்றதெல்லாம் தானாக வரும்" என்று எல்லோரும் சொல்வதால் தியானம், நடைப்பயிற்சி, டைரி எல்லாம் செய்கிறேன். பதற்றம் குறைந்திருக்கிறது, தனிமை குறையவில்லை. இதிலிருந்து வெளியே வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

பதில் 1:
உங்களிடம் ஏதோ குறை என்று மட்டும் நினைக்காதீர்கள். உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே 2025 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. நட்பு உருவாக நேரம் பிடிக்கும், அதுதான் விஷயம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்: தெரிந்தவர் ஒருவர் ஓரளவு நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டுமாம். அதிலும் அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்க்கும் நேரம் அவ்வளவாக உதவுவதில்லை, சும்மா உட்கார்ந்து பேசுவது, சேர்ந்து சாப்பிடுவது, விளையாடுவதுதான் நெருக்கத்தைக் கொண்டுவருகிறது. அதனால் வாரம் ஒரு புதுக் கூட்டம் தேடி அலையாமல், அதே முகங்களை அதே நாளில் பார்க்கக்கூடிய ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டு வகுப்போ, வாசகர் வட்டமோ, ரத்ததானக் குழுவோ, எதுவானாலும் சரி. முதல் சில வாரங்கள் சலிப்பாகத்தான் இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஃபோனை ஒதுக்க வேண்டாம், பயன்படுத்தும் விதத்தை மாற்றினால் போதும். பழைய நண்பருக்கு மெசேஜ் போடுவதற்குப் பதிலாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். 2021ல் வந்த ஓர் ஆய்வில், குரலில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தவர்கள்கூட, பேசிய பிறகு எழுத்தில் பேசியவர்களைவிட அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். கேமரா இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் தரவில்லை, குரலே போதுமானதாக இருந்தது.

பதில் 3:
எனக்கு உறுத்துவது அந்த "முதலில் உன்னைக் கவனி" அறிவுரைதான். தூக்கம், உடற்பயிற்சி எல்லாம் அவசியம், மறுக்கவில்லை. ஆனால் நம்மை முழுசாகச் சரிசெய்துகொண்ட பிறகுதான் அடுத்தவரிடம் போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது, ஏனென்றால் நம்மில் பாதி விஷயங்கள் இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் சரியாகின்றன. நடைப்பயிற்சிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உதவி கேளுங்கள், சின்ன உதவியாக இருந்தாலும் பரவாயில்லை. கேட்டால் தொந்தரவு என்று நாம்தான் நினைக்கிறோம், கேட்கப்பட்டவர் பெரும்பாலும் சந்தோஷப்படுவார். காதலும் இப்படித்தான் என்று நம்புகிறேன், செயலியில் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்காமல் சீக்கிரம் பொது இடத்தில் நேரில் பாருங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நாளைக்குச் சேர்ந்து வரட்டுமா என்று கேட்கப் போகிறேன்.

பதில் 3:
கேளுங்கள். அவருக்கு நாளைக்கு முடியாது என்றால் எந்த நாள் வசதி என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.