புதுப்பிப்பு: பொழுது சுருங்கும் மாதங்களில் பகுதிநேர புல்தரை வேலை (ஓசூர்)

ஷிப்ட் முடிந்து மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஒரு வீட்டுப் புல்தரையை வெட்டி முடித்துவிடலாம் என்று ஜூனில் போட்ட பதிவில் எழுதியிருந்தேன். அந்தக் கணக்கு இப்போது ஓடாது. ஜூன் கடைசியில் ஆறே முக்கால் வரை வெளிச்சம் இருந்தது. நவம்பரில் ஆறு மணிக்குள் பொழுது இறங்கிவிடும். வேலையை சனி, ஞாயிறுக்கு மாற்றுங்கள். விடிந்ததும் போகாதீர்கள், புல் நுனியில் பனி நிற்கும். ஒன்பதரைக்கு மேல் கையால் தடவிப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் தொடங்கலாம்.

ஈரப் புல், வெட்டும் மெஷினின் அடித்தட்டில் பச்சைச் சாந்து போல அப்பிக்கொள்ளும். பிளேடு திணறி, வெட்டாமல் பிய்க்கும். பிய்ந்த நுனி இரண்டு நாளில் வெளுத்துவிடும். அடித்தட்டில் அப்பியதைச் சுரண்டும் முன், மெஷின் தவறி ஓடிவிடாமல் இருக்க ஸ்பார்க் பிளக் கேப்பைக் கட்டாயம் கழற்றுங்கள்.

பெர்முடா வகைப் புல்லை இனி ஒன்றரை அங்குல உயரத்தில் நிறுத்துங்கள். மழையால் இடைவெளி விட்டு மூன்று அங்குலம் வளர்ந்திருந்தால் முதலில் இரண்டு, நான்கைந்து நாள் கழித்து ஒன்றரை. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் தரை மஞ்சளாகும்.

யூரியா 1,000 சதுர அடிக்கு 1 கிலோ என்று ஜூன் பதிவில் சொன்னதை அரை கிலோவாக்குங்கள். இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடவும். குளிரில் யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் பூஞ்சணம்தான் வரும். மாலையில் தண்ணீர் பாய்ச்சவே வேண்டாம்.

டிசம்பரில் வளர்ச்சி மந்தமாகும். மாதக் கட்டணம் வாங்குபவர்கள், வெட்டு குறையும் வாரங்களில் ஓரம் சீவுவதையும் கோரையைக் கிழங்கோடு தோண்டுவதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.